சூளைக்குள் நாலாவது ஆள்

வேதத்தைத் தப்பாக வாசிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வாசிக்காமலேயே விளக்கம் சொல்கிறவர்கள் ஒரு வகை. வரிவரியாக எண்ணி வாசித்தும் ஒன்றும் விளங்காதவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. (இன்றும் மாடிப்படி ஏறும்போது எண்ணுவேன். பதினேழு. நேற்றும் பதினேழுதான், ஆனாலும் ஒரு சந்தேகம்.)

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். சூளை மேஸ்திரி ஞானமணியின் மகள் எஸ்தரை எனக்குப் பேசியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுதி செய்வதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின புதன்கிழமை எங்கள் கிறிஸ்தவ சபையில் வேதபாடம். மூன்று பேரை எரிகிற சூளையில் போட, ராஜா எட்டிப் பார்த்தால் தேவதூதன் ஒருவனும் சேர்ந்து உள்ளே நாலு பேர் வேகாமல் உலாவுகிற பகுதி. "எழுதியிருப்பது எழுத்துப்படி இன்றைக்கும் நடக்கும். எண்ணிக்கைதான் முக்கியம்" என்று ஒரு போடு போட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் கேட்டாள்:

"யாருக்காக எழுதினாங்க, அவங்க என்ன கஷ்டத்துல இருந்தாங்கன்னு பாக்க வேணாமா? வெறும் தலைய எண்ணிட்டிருந்தா எப்படிங்க?"

சிரித்தார்கள். பதினொரு பேர்.

மறுநாள் மத்தியானம் மழை கட்டி இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று நாள் ஆறப்போட்ட சூளையின் வாசலைக் காலையில்தான் உடைத்துத் திறந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து, சரக்கு இறக்கக் கலியமூர்த்தியும் இன்னும் இரண்டு பேரும் கைகளில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நோட்டில் மூன்று கோடு போட்டேன். பேச்சுக் கேட்டது, கோப்பைகள் உரசின. சட்டென்று எல்லாம் நின்றது.

வாசலில் குனிந்தேன். முகத்தில் அனல், பிடரியில் மழைக்காற்று. இருட்டில் மூன்று உருவங்கள் அசையாமல் நின்றன. அவற்றுக்குப் பின்னால், தரையிலிருந்து நாலாவது ஒன்று மெதுவாக எழுந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை. முகம் இல்லை.

"கலியமூர்த்தி, உள்ள எத்தன பேரு?"

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அவன் குரல் வந்தது:

"மூணு பேருதாங்க சார்."

"பின்னால யாரு?"

"பின்னால செவுருதாங்க சார் இருக்குது."

அந்தச் சுவர் தலையை என் பக்கம் திருப்பியது.

என் மயிர்க்கால் அத்தனையும் எழுந்து நின்றன. (எண்ணவில்லை.) பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிகிறது. அந்த நடுக்கத்திலும் ஒரு அற்பப் பெருமை: எஸ்தர் இதைப் பார்க்க வேண்டுமே.

ஆபீசுக்கு ஓடினேன். சபை விருந்துக்குத் தட்டு கேட்டு வந்த போதகர் முதலாளியுடன் பேசிக்கொண்டிருந்தார். நான் உளறியதைக் கேட்டு இருவரும் எழுந்து வந்தார்கள். முதலாளி இந்து, எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

சூளை வாசலில் வெள்ளை உருவம் வெளிப்பட்டது. இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கியிருக்க, காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தது. நான் மண்டியிட்டேன். முக்காடாகப் போர்த்தியிருந்த வேட்டி நழுவியது. ஞானமணி. கன்னத்தில் சாக்கின் பின்னல் பதிந்திருந்தது.

"தம்பி, ஏன் மண்டி போட்டிருக்கீங்க?" என்றார்.

மூன்று மாதமாக அவருக்கு இடுப்புப் பிடிப்பு. குனிய முடியாதவரைச் சூளையில் வைத்திருக்க மாட்டார்கள் என்று ஒளித்திருக்கிறார். வெதுவெதுப்புக்காகச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே சாக்கில் படுப்பார். ஆட்கள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அன்று கண் அயர்ந்துவிட்டது.

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டார். "நாளைலேந்து பேக்கிங் பக்கம் இருங்க மேஸ்திரி" என்றார். பத்தொன்பது வருஷச் சூளை அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று.

கலியமூர்த்தி கைச்சாக்கை உதறினான். "நாலுன்னு எண்ணத் தெரிஞ்சுது. நாங்க ஏன் மூணுன்னு சொல்றோம்னு யோசிக்கத் தெரியலையே சார் ஒங்களுக்கு."

ஞாயிற்றுக்கிழமை, பெண் இல்லை என்று சொல்வார்கள், கேட்டுக்கொண்டு திரும்பலாம் என்றே போனேன். ஞானமணி படுத்தபடியே சொன்னார்:

"பொண்ணு ஒத்துக்கிச்சு, தரேன். ஆனா எங்க வூட்டு ஜெபத்துல நீங்க வேதத்தப் படிக்கலாம். வெளக்கம் மட்டும் சொல்லக் கூடாது."

"ஆயுசுக்கும்" என்றது உள்ளேயிருந்து எஸ்தரின் குரல்.

மாமனார் போய் முப்பத்திரண்டு வருஷமாகிறது, தடை போகவில்லை. போன வாரம் என் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. மூன்று எண்கள் கூடியிருந்தன. காரணம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"படிங்க தாத்தா, போதும்" என்றாள் பேத்தி. "வெளக்கம் டாக்டரு சொல்லுவாரு."