மீன் தலையும் எட்டு நீர்நாய்களும்

கேமரா கையில் இருந்தால் மனிதர்கள் என் கண்ணில் படமாட்டார்கள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாங்காக் போனேன், கோயில்களை விட்டுவிட்டுக் கால்வாய்களைப் படமெடுத்தேன். ஆலப்புழைக்குக் குடும்பத்தோடு போனேன். குடும்பத்தை வெட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்து வந்தேன். (ஒரு படத்தில் அம்மாவின் முழங்கை இருக்கிறது. அதுவும் தெரியாமல் விழுந்தது.) ஊர் திரும்பினால் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கையும் விடுவதில்லை. லோங்காங் என்றால் இங்கே சாக்கடைக்கும் கால்வாய்க்கும் பொதுப்பெயர்.

"முதல் சம்பளத்துல கேமரா வாங்கி லோங்காங்கைப் படம் பிடிக்கிற பிள்ளை, சிங்கப்பூர்லயே எனக்கு மட்டுந்தான் பொறந்திருக்கு" என்பார் அம்மா.

சட்டைப் பையில் அடங்கும் சின்னக் கேமராதான். ஆனால் அக்காவின் கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் கவிழ்த்துவிட்டது.

அக்கா கவிதாவும் கிளமெண்டியில் தங்கி வேலை பார்த்த செந்திலும் தாங்களே பேசி முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் சம்மதம்தான் பாக்கி. செந்திலின் அப்பா கடலூர்க்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் மனைவியோடு சிங்கப்பூர் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்தால், அதாவது உட்கார்ந்து சாப்பிட்டால், சம்பந்தம் முடிந்தது. காபியோடு எழுந்தால், "யோசிச்சுச் சொல்றோம்."

தன் அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை இருப்பதாகச் செந்தில் சொல்லியிருந்தார்: சிங்கப்பூர் மீன் தலைக் கறி. அம்மா ஒரு வாரமாக அதே நினைவாக இருந்தார். தேக்கா சந்தையில் மீன்கார அண்ணனிடம் பெரிய தலையாக ஒன்று சொல்லி வைத்தார். அதைக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அந்த வயதில் ஒரு மீன் தலையை நம்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தது அவர்கள் தப்பு.

தலையை வாங்கி ரயில் ஏறும்வரை ஒழுங்காகத்தான் இருந்தேன். விடியற்காலையில் நல்ல மழை பெய்திருந்தது. மழை விட்ட பிறகு பீஷான் பூங்காவில் தண்ணீர் பொங்கி ஓடும் அழகே தனி. முன்பு சிமெண்ட் கால்வாயாக இருந்ததைப் புல்லும் பாறையுமாக ஆறு போல் மாற்றியிருக்கிறார்கள். "பத்தே நிமிஷம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாதி வழியில் இறங்கிவிட்டேன்.

பையை ஒரு பாறை மேல் வைத்துவிட்டுப் புல்லில் குப்புறப் படுத்தேன். தண்ணீரிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நீர்நாய்! பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. குட்டிகளோடு மொத்தம் எட்டு. இவ்வளவு பக்கத்தில் யாருக்குக் கிடைக்கும்? ஒன்று கரையேறிப் பையை முகர்ந்தது. எடுத்தேன். பையைக் கிழித்தது. எடுத்தேன். எங்கள் மீன் தலையை வெளியே இழுத்தது. வெளிச்சம் அருமையாக இருந்ததால் அதையும் எடுத்தேன்.

ஓடிக்கொண்டிருந்த சீன மாமா ஒருவர் நின்று, ஆங்கிலத்தில், "பாய், யுவர் லஞ்ச் ஆ?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ச்சூ!" என்றேன். எட்டும் திரும்பிப் பார்த்தன. குட்டிகளோடு இருக்கும் நீர்நாயை நெருங்காதீர்கள் என்று அங்கே பலகை உண்டு. நான் சட்டத்தை மதிக்கிறவன். (பயம் என்றும் சொல்லலாம்.) ஒரு செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, நம் வீட்டு விருந்து முடியும்வரை மரியாதையாக நின்றேன்.

மீன்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். "பெரிய தலையெல்லாம் அப்பவே போயிடுச்சே தம்பி" என்றார். வீட்டுக்குப் போய், "தலை தீர்ந்துபோச்சாம்மா" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டைக் குழம்பு வைத்தார்.

விருந்தினர் வந்தார்கள். தலைமையாசிரியர் வாசனை பிடித்தார். "மீன் தலைன்னு பையன் சொன்னானே?"

"இன்னிக்குக் கெடைக்கலீங்க" என்றார் அப்பா.

"அப்படியா." அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "காபி போதுங்க. சாப்பாடு இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார்.

அடுக்களை வாசலில் அக்காவின் கண் கலங்கியது. செந்தில் தரையைப் பார்த்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவர்களை எப்படியாவது உட்காரவைக்க வேண்டுமே என்று அப்பா பதறி, "நம்ம தம்பி நல்லா படம் எடுப்பான். சிங்கப்பூரை டிவியில பாத்துட்டுப் போங்க" என்றார். நான் எழுவதற்குள் செந்தில் என் கேமராவை டிவியோடு இணைத்துவிட்டார். (மாப்பிள்ளை எஞ்சினியர் என்று பெருமைப்பட்டது நாங்கள்தான்.)

முதலில் கால்வாய். பிறகு கால்வாய். அதற்குப் பிறகு வேறு கோணத்தில் அதே கால்வாய். தலைமையாசிரியர் கொட்டாவியை அடக்கினார். அடுத்து, பாறை மேல் ஒரு பை. பையை முகரும் நீர்நாய். பிறகு திரை முழுக்க, பளபளவென்று, ஒரு மீன் தலை, பின்னால் நீர்நாய்க் கூட்டம். மூலையில் அன்றைய தேதியும் காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடமும் தெளிவாகத் தெரிந்தன.

"டேய்" என்றாள் அக்கா, கோபத்திலும் சிங்கப்பூர் 'லா'வை விடாமல். "தீர்ந்துபோச்சுன்னு சொன்னியே. இப்படியா லா தீர்ந்துச்சு?"

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனார். நீர்நாய்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "எட்டு பேரு." அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஏம்மா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "நமக்கு முன்னாடி எட்டு பேரு இந்த வீட்டுச் சாப்பாட்டுல கை நனைச்சிட்டாங்க. இனிமே நாம என்னத்த யோசிக்கிறது? எலையப் போடச் சொல்லு."

முட்டைக் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அன்று அடுக்களைக்குள் போய் அழுதது அக்கா மட்டுமல்ல, நானும்தான்.

அந்தப் படம் இன்று தெம்பனிஸில் அக்கா வீட்டுக் கூடத்தில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கல்யாணப் படத்தைவிடப் பெரியது. கடலூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அவர் முதலில் கேட்பது, "பெரிய சம்பந்தி வீட்ல எட்டு பேரும் சௌக்கியமா?" என்றுதான். சும்மா சொன்னால் நம்பமாட்டார், படம் அனுப்ப வேண்டும். அதனால் இப்போதெல்லாம் அம்மாவே என்னைக் கால்வாய்க்கு அனுப்பிவைக்கிறார். வாசலில் நிறுத்தி என் பையைத் துழாவிப் பார்த்த பிறகு.