தெள்ளு சாரும் ரைஸ்மில்காரர் வீட்டுப் பூனையும்

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில் தெள்ளு சாரின் சீப்பு படாத நாய் ஒன்றுகூட அப்போது கிடையாது. மனிதர்கள் தப்பித்ததே பெரிய விஷயம்.

2005-இல் நான் ஓர் உப்பளத்தில் கிளார்க். கூனிமேட்டில் பாய் ஒருவரின் மளிகைக்கடை மாடியில் அறை. பாதி எனக்கு, பாதி தெள்ளு சாருக்கு. அவர் அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவில், சுகாதாரத் துறையில் பூச்சி பார்க்கும் வேலையிலிருந்து ரிடையர் ஆனவர். அந்தத் தீவின் தெள்ளுப்பூச்சிகளைக் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டி மூன்று பெட்டி கொண்டுவந்திருந்தார். எது தீவுக்குச் சொந்தம், எது எலியோடும் நாயோடும் கப்பலேறி வந்தது என்று பிரிக்க வேண்டும். அதற்கு இந்தக் கரையின் தெள்ளுகளோடு ஒப்பிட்டாக வேண்டும். நாய், பூனைகளைச் சீப்பால் சீவித்தான் அவற்றைப் பிடிப்பார்.

“பாய், உங்க பூனையைக் கொஞ்சம் சீவிக்கட்டுமா?”

“சீவுங்க சார். பவுடர் மட்டும் போட்டுடாதீங்க, அப்புறம் நிக்காஹ் பண்ணி வைக்கணும்.”

முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டு சந்து சந்தாக நடப்பார். வெள்ளையில் தெள்ளு ஏறினால் தெரியுமாம். ஒருநாள் என் காலில் சுருக்கென்றது. கையை ஓங்கினேன்.

“அடிக்காதீங்க! அது யாருன்னு பாக்கணும்.”

“கடிக்குது சார்!”

“கடிக்கட்டுமே. சாப்பிடும்போதுதான் ஒரு இடத்துல நிக்கும்.”

சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் அப்போது தகர ஷெட்டுகளில் இருந்தன. அங்கே பிள்ளைகளுக்குக் கால் முழுக்கத் தடிப்பு. எங்கோ இரண்டு எலி செத்துக் கிடக்க, பிளேக் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஊர்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவரான ரைஸ்மில்காரர் ஹெட்மாஸ்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “ஷெட்டுப் பசங்க உள்ள வந்தா, எங்க பசங்க வராது.” ஒரு வாரம் அந்தப் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

தெள்ளு சார் சாக்ஸோடு ஷெட்டுக்குள் போனார். அரைநாள் உட்கார்ந்து பிடித்தார். திரும்பும் வழியில் ரைஸ்மில்காரர் வீட்டம்மாவிடம் அனுமதி கேட்டு, அவர்கள் பூனையையும் சீவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பள்ளி வராந்தாவில் மைக்ராஸ்கோப்பை வைத்தார். ரைஸ்மில்காரரை வரவழைத்து இரண்டு சில்லுகளைக் காட்டினார்.

“ரெண்டுக்கும் மூஞ்சில சீப்பு மாதிரி பல்லு தெரியுதுங்களா? பிளேக் பரப்புற எலித் தெள்ளுக்கு அது கிடையாது. இது ரெண்டும் பூனைத் தெள்ளு. ஒண்ணு ஷெட்டுல புடிச்சது, ஒண்ணு உங்க வீட்டுப் பூனை மேல புடிச்சது. எது யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

ரைஸ்மில்காரர் கண்ணை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். வியர்த்துவிட்டது.

“என்னா சார், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது?”

“அதான்ங்க நானும் சொல்றேன்.”

ஹெட்மாஸ்டர் இருமிக்கொண்டே எழுந்து போய் கேட்டைத் திறந்தார்.

அடுத்த வருஷம் தெள்ளு சார் மகள் வீட்டோடு போய்விட்டார். ஒரு கடிதம் போட்டார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. பட்டியல் முடிந்ததாம். தீவுக்கே சொந்தமான தெள்ளு ஒரே ஒரு வகைதானாம். மற்றவை எல்லாம் எங்கிருந்தோ வந்து குடியேறியவையாம்.

அவர் இடத்துக்கு ஒரு பேங்க்காரர் வந்தார். சுத்தமானவர். அறையில் ஒரு பூச்சி கிடையாது. அவரோடு என்னால் ஒரு மாதம்கூட இருக்க முடியவில்லை.