தாய்மாமன் எழுந்திருக்காத பந்தி

மூட்டுத் தேய்மானத்தை மறைப்பது லேசான வேலை இல்லை. நான் மறைத்தேன். கல்வராயன் மலையில் ஊர் ஊராகத் தடுப்பூசி போட நடந்த கால், இதற்கா தேய்மானம் என்கிற வீம்பு. (மனைவி போன பிறகு, வலிக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆளும் இல்லை.)

கள்ளக்குறிச்சி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: “எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்குதுங்க, அது தேஞ்சிடுச்சி. தெனம் நடங்க, எடைய கம்மி பண்ணுங்க. சம்மணம் மட்டும் வேணாம், முட்டி இறுகிக்கும்.”

அடுத்த வாரமே எலவனாசூர்கோட்டையில் தங்கச்சி மகள் கல்யாணம். வயசானவர்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். தாய்மாமன் போய் மேசையிலா? சம்மந்திக்குப் பக்கத்தில், பந்திப் பாயில், சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

சாப்பிட்டு முடித்தால் முட்டி நகரவில்லை. எங்கள் வகையறாவில் தாய்மாமன் எழாமல் சம்மந்தி வீட்டார் எழமாட்டார்கள். வரிசை முழுக்க என்னையே பார்த்தது. முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“கொஞ்சம் ரசம்” என்றேன்.

ரசம் முடிந்ததும் மோர். மோருக்குப் பிறகு மறுபடி சாம்பார்.

பரிமாறிய தங்கச்சி மகன் குனிந்தான். “இன்னா மாமா, திரும்ப மொதல்ல இருந்தா?”

“பாயசம் இருக்குதா பாரு.”

கை காய்ந்துபோன சம்மந்தி, “மெதுவா சாப்டுங்க, எங்களுக்கு இன்னா அவசரம்” என்றார். அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றார்கள்.

கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். சம்மணம் பிரியாமல் உற்சவர் மாதிரி எழுந்தருளினேன்.

“எந்திரிக்க முடியாத அளவுக்கா துன்றது?” என்று ஒருவர் சிரித்தார்.

தங்கச்சி சிரிக்கவில்லை. “ஒண்டியா கெடக்குற மனுசன். வூட்ல எத்தினி நாளு பட்டினியோ” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இன்றைக்கும் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், “மாமாவுக்கு ரெண்டு எல போடுடா” என்பார்கள். தங்கச்சி வீட்டிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு யார் பஸ் ஏறினாலும் எனக்கு ஒரு கேரியர் வரும். (எடை கூடிவிட்டது. டாக்டர் திட்டுகிறார்.)

முட்டிதான் காரணம் என்று நான் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் தைலம் கொடுத்தனுப்புவார்கள். தைலத்தை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடலாம். கேரியர் அப்படி இல்லை, திருப்பி வாங்கிப் போக வேண்டும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் மெதுவாகத்தான் சாப்பிடுவேன்.