நடுக்கடலில் பைக்காவல்

எங்கே தண்ணீர் உண்டோ, அங்கிருந்து பத்தடி தள்ளி இவர் உட்கார்ந்திருப்பார். மடியில் மூன்று பை, தோளில் நாலு துண்டு, சட்டைப்பை பிதுங்க அடுத்தவர் செல்போன்கள். இவர்தான் பை பார்த்துக்கொள்கிறவர். “நீங்க போய் ஆசை தீரக் குளிங்க, நான் பையப் பாத்துக்கிடுதேன்” என்பார். தியாகமாம், தியாகம்! தண்ணீரைக் கண்டால் பயம் என்று சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும்?

ராஜபாளையம் முத்துராமலிங்கம் இந்த ரகத்தில் பழுத்த பழம். அய்யனார் அருவியில் செருப்பைக் காத்தார், குற்றாலத்தில் எண்ணெய்ப் பாட்டிலைக் காத்தார். அத்தோடு நின்றாரா? தூத்துக்குடிக் கடலுக்குள், ஆளில்லாத தீவு லைட்ஹவுஸ் பக்கம் முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டி முங்கலாம் என்று கேள்விப்பட்டு, வாட்ஸப் குழு ஒன்று தொடங்கி, சேத்தூர் முதல் மடவார் வளாகம் வரை சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு பேரைத் திரட்டி, “மொத ஆளா நான்தான் எறங்குவேன்” என்று குரல் பதிவும் போட்டுவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? குழுவில் பட்டாளத்து மருமகன் விக்னேஸ்வரன் வேறு இருந்தார். அவர் முன்னால் பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கிவிடக் கூடாது. முத்துராமலிங்கத்தின் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

லைட்ஹவுஸ் பக்கம் படகு நின்றது. கீழே எட்டிப் பார்த்தார். பைகளை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

“மாமா, மொதல்ல நீங்க.”

“அதுக்கென்ன மாப்ள? ஆனா, பைய யாரு பாக்குறது?”

மருமகன் நாலு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். ஒரு காக்கை கிடையாது.

“ஏங்க, திருடன் நீந்தியா வரப் போறான்?” என்றாள் மனைவி ஆனந்தவல்லி.

“ஒனக்கு ஒலகம் தெரியாது. செத்த நேரம் சும்மா இரு.”

“முப்பது வருசமா சும்மாதான இருக்கேன்! நீங்க எறங்கலன்னு நானும்ல கரையிலயே உக்காந்துட்டேன்.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். “இதையும் பாத்துக்கிடுங்க.”

அவருக்கென்று வைத்திருந்த சிலிண்டரை மாட்டிக்கொண்டு, முங்கச் சொல்லிக்கொடுக்கப் படகில் வந்தவர் கையைப் பிடித்து இறங்கியேவிட்டாள். அவள் மேலே வரும்வரை மனுஷனுக்கு உயிர் உயிராக இல்லை. அது நிஜம், அதைக் கேலி செய்யக் கூடாது.

“யாத்தே, எம்புட்டு மீனு!” என்று சிரித்தபடி ஏறினாள். போன உயிர் திரும்பியதும் அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? “பாத்தீங்களா மாப்ள, நான் கூட்டிட்டு வந்ததாலதான!”

ஆனந்தவல்லி தலையைத் துவட்டினாள். “அடுத்த மாசமும் வாரேன். பையெல்லாம் வீட்டுலயே இருக்கட்டும். நீங்களும் அதுக கூடவே இருந்து பாத்துக்கிடுங்க.”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன விடுமுறைக்குக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனீர்களே, எல்லாரும் அலையில் ஆட்டம் போடும் அந்த வீடியோவை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அதில் நீங்கள் எங்கே?