டிராகனுக்கு வார விடுப்பு போட்ட விவரம்

பொறுமையே உருவான மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, மகள் மூவரும் சௌக்கியம். நான் போட்டுக் கொடுத்த குளியலறை ஷிப்டை மட்டும் இந்த வீட்டில் ஒருத்தரும் மதிப்பதில்லை, அது போகட்டும். பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாமே, கையில் கிடைத்ததும் முதலில் இதைப் படியுங்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்களும் சங்கத்து நண்பர்களும் மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி ஆடுகிற போர் விளையாட்டு இருக்கிறதே, அதற்குப் படை திரட்டித் தரும் மென்பொருள், அந்த மென்பொருளுக்கே விதி சொல்லுகிற கோப்பு, அதை என்னை நம்பி ஒப்படைத்துப் போனீர்கள். "மாமா, மந்திரவாதிக்குத் தொண்ணூறு புள்ளின்னு இருக்கும், நூத்திப்பத்துன்னு மாத்திடுங்க, வாரக் கடைசியில பெரிய ஆட்டம் இருக்கு" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாற்றினேன். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும்.

ஆனால் பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு டியூட்டி போட்டே தலை நரைத்தவன் நான். பார்க்கிறேன், ஒரே தளபதி வாள்படையிலும் இருக்கிறான், வில்படையிலும் இருக்கிறான், குதிரைப்படையிலும் இருக்கிறான், இது போதாதென்று மேலே தனியாக வேறு ஒரு தடவை. ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று தடத்தில் வண்டி ஓட்டுவானா, நீங்களே சொல்லுங்கள். எந்தப் படையிலும் சேராமல் மேலே சும்மா நின்ற அந்தப் பெயரை அழித்தேன். அவ்வளவுதான், திரை முழுக்கச் சிவப்பு! அப்புறம்தான் புரிந்தது, ஆளை ஓர் இடத்தில் எழுதி வைத்துவிட்டு மற்ற இடத்திலெல்லாம் "அங்கே போய்ப் பார்" என்று கைகாட்டுவதுதான் உங்கள் வழக்கமாம். நான் அழித்தது அந்த "அங்கே"வை.

மூன்று படைக்கும் தளபதி இல்லை என்று அது கத்துகிறது. சங்கத்தில் உங்கள் பெயர் கெட்டால் நான் எந்த முகத்தோடு உங்களைப் பார்ப்பேன்? பணிமனையில் ஆள் வராவிட்டால் சீனியரைப் பொறுப்பில் போடுவோம். இங்கே அதிகப் புள்ளி டிராகனுக்கு, அதையே பொறுப்புத் தளபதியாகப் போட்டேன். குதிரைப்படைத் தளபதி என்றால் குதிரை கட்டாயம் என்றது. சரி, ஏறித் தொலை என்று டிராகனைக் குதிரைமேல் ஏற்றினேன், குதிரையின் கதி என்ன ஆயிற்றோ தெரியவில்லை. அப்புறம் மனசு கேட்கலை மாப்பிள்ளை, மூணு படையையும் ஒண்ணே பாக்குதே, அதுக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்கே! உங்கள் விதி ஒன்றைப் பார்த்துப் பார்த்து நானே ஒன்று எழுதினேன், வாரத்தில் ஒரு நாள் அதை யாரும் படையில் சேர்க்க முடியாது. உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "பொம்மைக்கு லீவு போட்டது போதும், சாப்பிட வாங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். கடைசியில் சிவப்பெல்லாம் ஒழிந்தது, எப்படி ஒழிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். "அனைவருக்கும் அனுப்பு" என்பதை அழுத்திவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். ஆகவே கவலை வேண்டாம், உங்கள் பேரைக் காப்பாற்றிவிட்டேன்.

நோய் நொடியில்லாமலும் சிவப்பில்லாத திரையோடும் நீடூழி வாழ ஆசி கூறும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: இதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, அந்த மந்திரவாதியை அவரு கிளம்புறதுக்கு முன்னாடியே மாத்தி எல்லாருக்கும் அனுப்பிட்டாருப்பா. நீங்க மறுபடி எங்களுக்கு ஷிப்ட் போடாம இருக்கணும்னுதான் உங்ககிட்ட ஒரு நகலைக் கொடுத்துட்டுப் போனாரு" என்றாள். சுருக்கென்றது மாப்பிள்ளை, மறைப்பானேன். நகல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அனுப்பியே இருக்க மாட்டேன். இப்போது உங்கள் நல்ல கோப்பின்மேல் என்னுடையது ஏறி உட்கார்ந்திருக்கிறதாம். ஆமாம், ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையாமே? டிராகன் வராது.