மெதுவா அண்ணாச்சியும் கரையேறிய திமிங்கலங்களும்

உப்பளத்து வேலையை விட்டுவிட்டு, வெடித்த பாதங்களோடு தெற்கே நடந்துகொண்டிருந்தபோதுதான், உலகத்திலேயே கப்பல்களோடு சண்டை போடும் ஒரே மனிதரைச் சந்தித்தேன். புன்னைக்காயலில் அவருக்குப் பெயர் ‘மெதுவா’. ஞானஸ்நானப் பெயர் என்னவென்று அவர் வீட்டம்மாவே யோசித்துத்தான் சொல்வார்.

துறைமுகப் பக்கம் மீன்பிடிக்கப் போகும்போது ஒரு கப்பல் கண்ணில் பட்டால் போதும். வள்ளத்தில் எழுந்து நின்று, சிவப்புத் துண்டை வீசி, “மெதுவா! ஏய், மெதுவா! கீழ குடும்பம் போவுது!” என்று கத்துவார். குடும்பம் என்றால் திமிங்கலக் குடும்பம். கப்பலின் அடியில் சுழலும் விசிறி முதுகைக் கிழித்து ஒரு திமிங்கலம் செத்து மிதந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து இப்படித்தான். துறைமுகத்தை நெருங்கும் கப்பல் எப்படியும் வேகத்தைக் குறைக்கும். அது தன் சத்தத்துக்குத்தான் என்று அவர் நம்பினார். ஒருநாள் மேல்தளத்திலிருந்து எவனோ கையசைத்துவிட்டான். “மன்னிப்புக் கேக்கான்” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

நான் போய்ச் சேர்ந்த மத்தியானம் கரையில் ஒரே கூட்டம். உருண்டைத் தலையுள்ள கறுப்புத் திமிங்கலங்கள் பத்துப் பன்னிரண்டு மணலில் ஏறிக் கிடந்தன. வனத்துறைக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் அவர்கள் வரும்வரை அவை வெயிலைத் தாங்காது. ஆட்கள் ஒவ்வொன்றாகத் தள்ளி ஆழத்தில் விட்டார்கள். விட்ட வேகத்தில் அது திரும்பி வந்தது. நானும் இரண்டைத் தள்ளினேன். இரண்டும் எனக்கு முன்னால் கரைக்கு வந்துவிட்டன.

ஒருவன் குடத்துத் தண்ணீரைத் திமிங்கலத்தின் உச்சந்தலையில் கவிழ்த்தான். மெதுவா பாய்ந்தார்.

“ஏலே, அது மூக்குலே! ஒன் மூக்குல ஊத்தட்டா? முதுகுல ஈரத்துணியப் போடு!”

பிறகு, மேட்டில் கிடந்த பெரிய திமிங்கலத்தின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

“இவ கூப்பிடுதா. இவ இங்கன கெடந்து கூப்பிடுத வரைக்கும் ஒண்ணும் போவாது. முதல்ல இவளக் கொண்டுபோவணும்.”

கரைவலை இழுக்கும் இருபது பேர் வந்தார்கள். வாலில் கயிறு கட்டப் போனவனைத் திட்டி விரட்டிவிட்டு, அவள் அடியில் தார்ப்பாயைச் செருகச் சொன்னார். கடல் ஏறத் தொடங்கியதும் ஆளுக்கொரு பக்கமாக அதன் ஓரத்தைப் பிடித்தார்கள். மெதுவா வலை இழுக்கும்போது பாடும் பாட்டை எடுத்தார். இருபது பேரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள். கரையைப் பார்த்து!

திமிங்கலம் இரண்டு முழம் மேலே ஏறியது. பிறந்ததிலிருந்து கடலிலிருந்து கரைக்கே இழுத்துப் பழகிய கால்கள். பாட்டைக் கேட்டதும் தாமாகவே அந்தப் பக்கம் போய்விட்டன.

மீன் விற்கும் அக்கா ஒருத்தி இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்: “நல்லா இழுத்திய போங்க! இத்தன வருசமா கடல்ல இருந்து எடுத்திய. ஒருநாளு திருப்பிக் குடுக்கத் தெரியலியே!”

மெதுவா தலையில் அடித்துக்கொண்டார். “பாட்ட நிப்பாட்டுங்கலே! மூஞ்சியக் கடலுக்குக் காட்டுங்க! மக்கா, இன்னைக்கு மட்டும் கடல்தாம்லே கரை!”

பாட்டுக்குப் பதில் அவர் கத்தியது ஒரே சொல். “மெதுவா…” என்றால் ஓர் அடி. “மெதுவா…” என்றால் இன்னோர் அடி. இடுப்பளவு, மார்பளவு என்று போனோம். சட்டென்று தார்ப்பாய் லேசானது. அவள் எங்கள் முகத்தில் ஒரு மூச்சை ஊதிவிட்டு நீந்தினாள். மற்றவற்றைத் தள்ளிவிட்டபோது ஒன்றுகூடக் கரைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. பொழுது சாயும்வரை கத்திக்கொண்டே நின்றார் மனிதர்.

விடிந்து பார்த்தால் கரையில் காகங்கள் மட்டும்தான் இருந்தன. மெதுவாவுக்குத் தொண்டை கட்டி, பேச்சே போய்விட்டது. சைகையிலேயே என்னை வேலைக்கு எடுத்து வள்ளத்தில் ஏற்றினார். வலை இழுக்கத்தான் என்று நினைத்தேன்.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் வந்தது. அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தலையிலிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

எழுந்து நின்று, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

கப்பல் வேகத்தைக் குறைத்தது. என் சத்தத்துக்குத்தான்.