சம்ப் சாரும் சமுத்திரமும்

போன வருடம் ஏப்ரல் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். பேப்பரிலிருந்து விளம்பரத் தாள்களைத் தனியே பிரித்து வைத்துவிட்டு மீதியைப் படித்தேன். செருப்புகளைத் துடைத்துப் பால்கனி வெயிலில் வைத்தேன். என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் ஆரம்பிக்கும். கூடுமானவரை இப்படியே முடியவும் செய்யும். ஏழரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் சம்ப் சாரின் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

சம்ப் சாரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வருண பகவானே மந்தைவெளிப் பக்கம் வந்தாலும், வாசலில் கையெழுத்துப் போட்டு, எந்த ஃப்ளாட்டுக்கு வந்தோம் என்று சம்ப் சாரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். எங்கள் எட்டு வீட்டுக் குடியிருப்பின் நிரந்தரச் செயலாளர் அவர். வேறு யாரும் அந்தப் பதவிக்குப் போட்டியிட்டதில்லை. அவரைப் பிடித்திருந்ததால் அல்ல. தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைத் தன் சொந்தப் பிள்ளைபோல் அவர் பார்த்துக்கொண்டதால் அந்தப் பெயர். மோட்டார் அறைக்குப் பூட்டு போட்டு, சாவியைப் பூணூலில் முடிந்து வைத்திருந்தார்.

அறிவிப்புப் பலகையில் அவர் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் ஆபீஸுக்குக் கிளம்புவோம். ஒருநாள் இப்படி எழுதியிருந்தார்: "நேற்று முதல் மாடியில் யாரோ இரண்டு முறை குளித்திருக்கிறார்கள். ஏன்?" முதல் மாடி பல் டாக்டர் அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை. குழாயைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்தால் போதும், குழாயில் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த வீடு என்று கண்டுபிடித்துக் சம்ப் சார் கீழே இருந்து குரல் கொடுப்பார். "செகண்ட் ஃப்ளோர்! அங்கே என்ன, காவேரியா ஓடறது?" செகண்ட் ஃப்ளோர் நான்தான். பல வருடங்களாக நான் பல் தேய்ப்பது ஒரு திருடன் பல் தேய்ப்பதுபோலத்தான்.

வருடத்துக்கு ஒருமுறை சம்ப்பைக் காலி செய்து கழுவும்போது, ஆட்கள் ஏறி வந்த பிறகு அவரே ஏணி வைத்து இறங்குவார். நீல நிற அரைக்கால் சட்டை, கையில் டார்ச். மேலே வாட்ச்மேன் ஏழுமலை ஏணியைப் பிடித்துக்கொண்டு புலம்புவான்.

"சார், வயசாயிடுச்சுல்ல, மேல வா சார்!"

"இரு. உள்ளே எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமோ? மேலே இருக்கறவா ஒருத்தர் பேச்சும் கேக்கலை."

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவிலிருந்து அவருடைய தம்பி ஃபோன் செய்தபோது அவர் ஏன் உடனே மறுக்கவில்லை என்பது அப்போதுதான் புரியும்.

தம்பி பெரிய பணக்காரர். ஆழ்கடலுக்குள் ஒரு சின்ன நீர்மூழ்கியில் இறங்கி, மூழ்கிப்போன பழைய கப்பல் ஒன்றைப் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாவுக்கு இரண்டு இடம் பதிவு செய்திருந்தார். மனைவி வர மறுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு நண்பரும் மறுத்துவிட்டார். கூட்டாளிக்கு முதலில் ஆசை இருந்தது, அப்புறம் அவருக்கு ரத்த அழுத்தம் வந்துவிட்டது. நான்காவதாக அண்ணன் நினைவுக்கு வந்தார். விசா கையில் இருந்தது, மகள் அங்கே இருந்த காலத்தில் எடுத்தது. மே மாதம் கிளம்ப வேண்டும். பதிலைத் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. மோட்டார் அறை வாசலில் நின்று ஏழுமலைக்கும் எனக்கும் சம்ப் சார் வகுப்பு எடுத்தார்.

"அஞ்சு பேர். காலை நீட்ட முடியாது. முட்டியோட முட்டி இடிக்கும். ஜன்னல் ஒண்ணே ஒண்ணு, சாப்பாட்டுத் தட்டு அகலம். முறை வெச்சுண்டு பாக்கணும். கதவை வெளியிலேர்ந்து போல்ட் போட்டு முடுக்கிடுவான்."

"உள்ள கீறவன் தொறக்க முடியாதா சார்?"

"முடியாது."

"அப்ப அது கப்பலே கெடியாது சார், ஜெயிலு. ஜெயில்லகூட வாரத்துக்கு ஒருதபா பாக்க வருவாங்க."

சில வருடங்களுக்கு முன் அப்படிப்பட்ட ஒன்று உள்ளே போய்த் திரும்பாமலே போன செய்தியை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். நாள் முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஆட்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதை நான் நினைவுபடுத்தினேன்.

"தெரியும் ஓய். லஸ் கார்னர்ல ராங் சைடுல வர ஆட்டோல நீர் ஏறறதில்லையா?"

"ஆட்டோ நின்னா இறங்கி நடக்கலாம் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. கடலடியில் குளிரும் என்று தி.நகருக்குப் போய், சித்திரை வெயிலில் கம்பளி உள்ளாடை கேட்டார். பை தூக்க நானும் போயிருந்தேன். கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்து, "கொடைக்கானலா சார்?" என்றார். "இல்லை, அதுக்கு நேர் எதிர்" என்றார் சம்ப் சார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

அடுத்தது லிஃப்ட். நீர்மூழ்கிக்குள் உட்கார்ந்து பழகுவதற்கு எங்கள் லிஃப்ட்தான் சரியான அளவு என்று முடிவு செய்து, இரண்டு முக்காலிகளைப் போட்டு, எதிரே என்னை உட்காரவைத்தார். கம்பளி உள்ளாடையோடு அவர். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உழைத்த களைப்போடு நான். முட்டியும் முட்டியும் இடித்தன. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் மின்சாரம் போயிற்று.

"சார், உள்ள இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று ஏழுமலையின் குரல் வந்தது.

"ட்ரெய்னிங்!"

"கரண்ட் பூட்ச்சு சார்!"

"போகட்டும்! கடல்ல மட்டும் கரண்டா இருக்கும்?"

இருட்டில் அவர் ஆச்சரியப்படும்படி அமைதியாக இருந்தார். மூச்சு சீராக வந்தது. பயப்படப் போகிறவன் நான்தான் என்று தெரிந்தது. உண்மையிலேயே இவர் போய்விடுவார் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் முதல்முறையாகக் கலங்கியது.

"ஓய், கரண்ட் போறதுக்கு முன்னாடி மோட்டாரை ஆஃப் பண்ணேனா?"

"தெரியலையே சார்."

"கரண்ட் வந்தா ஓடுமே! மேல் டேங்க் ரொம்பி வழியுமே!" எழுந்து இரண்டு கைகளாலும் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். மின்சாரம் வந்து லிஃப்ட் இறங்கியதும், கம்பளியோடு அவர் மோட்டார் அறைக்கு ஓடியதை எல்லா மாடியிலிருந்தும் பார்த்தார்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாமி உட்காரவில்லை. அவர் கண்கள் சிவந்திருந்தன.

"ஆத்துல பேசிப் பாத்தாச்சு. நான் வேண்டாம்னு சொல்றேன், தம்பி 'வா'ங்கறான், பொண்ணைக் கேட்டா 'உங்க இஷ்டம்பா'ங்கறா. இவர் என்ன சொல்றார் தெரியுமோ? சாயங்காலம் ஜெனரல் பாடி மீட்டிங்ல வெச்சுடறேன், அவா என்ன சொல்றாளோ அதுதான் முடிவுன்னுட்டார்."

அவர் அப்படித்தான். பல்ப் மாற்றுவதற்கே கூட்டம் போடுகிறவர்.

"தம்பி ஆத்துக்காரியே வேண்டாம்னு சொன்ன சீட்டு," என்றார் மாமி. "நாலாவது ஆள். அதுகூட இவருக்கு உறைக்கலை. நீங்கதானே மினிட்ஸ் எழுதறேள்? 'போக வேண்டாம்'னு எழுதிடுங்கோ."

"நடக்காததை நான் எழுத மாட்டேன் மாமி."

"அப்போ நடக்க வைங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். லிஃப்டில் அவர் ஏறவில்லை.

கூட்டம் ஐந்து மணிக்கு, கார் நிறுத்துமிடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், போண்டா. முதல் பொருள், சம்ப் கழுவுதல். இரண்டாவது, படிக்கட்டில் சைக்கிள் வைப்பது. மூன்றாவதை அவரே எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "செயலாளர் ஆழ்கடலுக்குள் செல்லலாமா, கூடாதா."

எங்கள் விதிப்படி ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. செயலாளரின் வீட்டு ஓட்டு அவருடையது, அவர் போடவில்லை. எனவே மாமிக்கு ஓட்டே இல்லை. தூண் ஓரமாக நின்று, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"போகலாம் என்பவர்கள் கை தூக்கலாம்."

பல் டாக்டரின் கை மின்னல்போல் உயர்ந்தது. "சயின்ஸ் சார்! இந்த மாதிரி சான்ஸ் யாருக்குக் கிடைக்கும்?" தொடர்ந்து மற்ற கைகளும் எழுந்தன. ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் அறிவிப்புப் பலகையின் ஒரு வாசகம் இருந்தது. மூன்றாம் மாடி ரஹீம் பாய் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "நல்லா யோசிங்க ஐயா, வீட்ல அம்மா இருக்காங்க" என்றார். மினிட்ஸ் எழுதுகிறவன் கடைசியில் ஓட்டுப் போடுவது வழக்கம். போட்டாலும் பயனில்லை.

சம்ப் சார் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம், தண்ணீர் லாரி வராத நாளில் இருப்பதுபோல் இருந்தது. இத்தனை வருடம் இவர்களுக்காக விடியலில் எழுந்த மனிதர். போய் வா என்று சொல்ல இவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தூண் ஓரத்தில் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அலுப்பாக இருந்தது. வாழ்க்கையில் எதையும் நடக்க வைத்து எனக்குப் பழக்கமில்லை. நடந்ததை எழுதித்தான் பழக்கம். பேனாவை மூடினேன்.

"ஒரு சந்தேகம். மினிட்ஸில் எழுதணும். செயலாளர் ஊரில் இல்லாதபோது மோட்டார் சாவி யாரிடம்?"

சம்ப் சார் மெதுவாகப் பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்து, போண்டா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, உள்ளபடியே பொறுப்பை ஒப்படைக்கிற மனிதராக, விளக்க ஆரம்பித்தார்.

"விடியக்காலம் நாலரைக்கு மெட்ரோ வாட்டர் வரும். வந்தாலும் வரும், வராமலும் இருக்கும். முழிச்சுண்டு நிக்கணும். மே மாசம் கத்திரி வேற. லாரிக்காரன் ஃபோன் எடுக்க மாட்டான், எடுக்கற வரைக்கும் அடிக்கணும். மோட்டார் ஏர் பிடிச்சா வாயை வெச்சு ஊதணும். ஊதினா முகத்துல அடிக்கும்..."

டாக்டரின் கை, தலையைச் சொறியப் போவதுபோல் கீழே இறங்கியது. "எனக்குக் காலையில க்ளினிக் இருக்கே" என்றார் யாரும் கேட்காமலே. இன்னொருவருக்கு முதுகு வலி. இன்னொருவர் மகனுக்குப் பரீட்சை. ஒரு கை மட்டும் மேலேயே நின்றது. அதன் சொந்தக்காரர் தூங்கிவிட்டிருந்தார். ரஹீம் பாய் அவரைத் தட்டி எழுப்பி, கையை இறக்கிவிட்டார்.

"சார், அந்தக் கப்பல் பாதுகாப்பானதில்ல சார்," என்றார் டாக்டர் உருக்கமாக. "நீங்க போகக்கூடாது. மறுபடி ஓட்டு எடுங்க."

மறுபடி எடுத்தோம். போகக்கூடாது என்று எல்லாக் கைகளும் எழுந்தன. என் கையும்தான். அப்போது தூண் ஓரத்திலும் ஒரு கை உயர்ந்திருந்தது. விதிப்படி அதை நான் எண்ணவில்லை. ஆனால் சம்ப் சார் அதை மட்டும்தான் பார்த்தார்.

நாற்காலிகளை அடுக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாவிக்காகத்தானே ஓய் கையை இறக்கினா?"

நான் இன்னொரு நாற்காலியை எடுத்து அடுக்கினேன்.

"எனக்குத் தெரியும். அவன் என்னை நாலாவதாக் கூப்பிட்டான்னும் தெரியும். ஆனா என்னை யாராவது எங்கேயாவது கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு, சொல்லும்." சாவியை எடுத்து மறுபடி பூணூலில் முடிந்துகொண்டார். பிறகு அங்கேயே நின்று தம்பிக்கு ஃபோன் செய்தார். "இல்லடா. வரலை. இங்கே விட மாட்டேங்கறாடா... எல்லாருமேதான். ஓட்டெடுப்பே நடந்துது!" அவர் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. தம்பியும் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது. பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்கவில்லையாம்.

மினிட்ஸில் "ஒருமனதாக" என்று எழுதினேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

இப்போது சம்ப் சாரும் மாமியும் பெருங்குடியில், ஊருக்குத் திரும்பி வந்துவிட்ட மகளோடு இருக்கிறார்கள். உயரமான கட்டடம். தண்ணீர் தானாக ஏறி, தானாக நின்றுவிடுகிறதாம். அவருக்கு அங்கே தூக்கம் சரியாக வருவதில்லை என்று மாமி சொன்னார். சாவி இங்கே முறைவைத்துச் சுற்றுகிறது. இந்த மாதம் டாக்டரிடம். அறிவிப்புப் பலகை காலியாக இருக்கிறது. யார் எத்தனை முறை குளித்தாலும் கேட்க ஆளில்லை.

போன வருடம் அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, வழக்கத்துக்கு முன்னதாகவே விழிப்பு வந்தது. கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பால் காய்ச்சவில்லை, பேப்பரையும் எடுக்கவில்லை. முதல் வேலையாகக் குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று காத்திருந்தேன். கீழேயிருந்து "செகண்ட் ஃப்ளோர்!" என்று குரல் வந்த பிறகுதான் மூடினேன்.